நம்பிக்கை விடுப்பு

இங்கர் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர், அவருடைய ஒரு பரிந்துரையால் நான்கு திங்கள் கூடுதலாகச் சிறையில் கிடந்த மனிதர். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவிற்கான உரையை நான் திருத்திக்கொண்டிருந்த பிற்பகலில், டேனிய நகரான ரண்டர்சிலிருந்து குணரத்தினம் தொலைபேசியில் அழைத்தார்.

"மாஸ்டர், இங்கர் செத்துப்போனா. பேப்பரில போட்டிருக்கு. சனிக்கிழமை ஒடென்சேயில அடக்கம். நான் போறன். நீங்களும் வாறியள்."

வருவீர்களா என்று அவர் கேட்கவில்லை.

"நான் ஏன் வரவேணும், குணம்?"

"கார் ஓடேக்க எனக்கு நித்திரை வரும். பக்கத்தில இருந்து ஆரும் கத்தவேணும். கத்திறதுக்கு உங்களை விட்டா வேற ஆர்?"

அந்த ஆண்டுகளில் இங்கரின் முன் அமர்ந்தவர்களே, அவருக்கும் நம்மவர்க்கும் இடையில் நாவாக நின்ற மொழிபெயர்ப்பாளர்களே! இறந்தவரை நான் இன்னுமொரு முறை ஏசப்போகிறேன் என்று எண்ணியே இதைப் படிக்கத் தொடங்கியிருப்பீர்கள். உங்கள் மீது பிழையில்லை. மேடைதோறும் அவரை ஏசியவன் நான். பெயர் சொல்லாது, 'பென்சிலால் கழுத்தறுத்தவர்' என்றேன். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், கைதட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் எவ்வளவை நான் திருப்பித் தரவேண்டும் என்று கணித்துப் பார்க்கவே இன்று எழுதுகிறேன்.

இங்கர் அரசுப் பணியாளர். சிறையில் தண்டனையின் மூன்றில் இரண்டு பங்கைக் கழித்த ஒருவரை முன்கூட்டியே வெளியே விடலாமா என்று விசாரித்துப் பரிந்துரை எழுதுவது அவர் தொழில். தங்க வீடு உண்டா, வேலை உண்டா, செய்த குற்றத்தை மீண்டும் செய்வாரா: இவையே அவர் கேட்கும் கேள்விகள். விசாரணை தொடங்குமுன் நாற்காலியை மேசையின் பின்னாலிருந்து பக்கவாட்டிற்கு இழுத்துக்கொள்வார். குடுவையிலிருந்து காப்பியைத் தம் கையால் ஊற்றிக் கைதிக்குக் கொடுப்பார். கேட்டதையெல்லாம் பென்சிலால் எழுதுவார். முடிந்ததும் ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்துக் காட்டுவார். கைதி ஒப்பிய பின்னரே அது தட்டச்சிற்குப் போகும். பல விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக அருகிருந்தேன். வாசித்துக் காட்டாத ஒரு வரியும் அவர் கையிலிருந்து வெளியே போய்க் கண்டதில்லை.

நான் அவரை 'அம்மையார்' என்ற பொருளில் டேனிய மொழியில் விளித்த முதல் நாளே தடுத்தார். "என்னை இங்கர் என்று கூப்பிடு. அம்மையார் என்பவர் என் மாமியார், அவரை எனக்கே பிடிக்காது" என்றார். அந்த மொழியில் அரச குடும்பத்தைத் தவிர எல்லோரும் 'நீ'தான். கைதியையும் 'நீ' என்றார், என்னையும் 'நீ' என்றார். நான் மட்டும் அவருடைய 'நீ'யைக் கைதியிடம் 'நீங்கள்' என்று ஆக்கிச் சொன்னேன். அவருடைய வெற்றுச் சொற்களுக்கு ஆடை உடுத்துவதை என் கடமை என்று கருதினேன். யாழ்ப்பாணத்தில் பத்தாண்டுகள் மேடையில் முழங்கிவிட்டு வந்தவனுக்கு, இன்னொருவர் சொன்னதை அப்படியே சொல்வது கூலி வேலையாகப் பட்டது.

ஒருமுறை அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "நான் ஆறு சொல் சொன்னேன். நீ ஏன் இவ்வளவு நேரம் பேசினாய்?"

"எங்கள் மொழி செல்வம் மிக்கது" என்றேன்.

"செல்வம் உன் வீட்டில் இருக்கட்டும். இந்த அறைக்கு ஆறு சொல் போதும்."

அதை நான் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு, நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன்.

முன்விடுதலைக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சோதனை விடுதலை' என்று வரும். தொடக்கத்தில் அப்படியே சொன்னேன். வடமராட்சிக்காரர் ஒருவர், வெளியே போக எல்லாத் தகுதியும் உள்ளவர், அதைக் கேட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சோதனை எண்டா வேண்டாம் ஐயா. ஆனையிறவில பட்ட சோதனை காணும், கொழும்பில பட்ட சோதனை காணும். நான் உள்ளுக்கயே இருக்கிறன்."

வெளியே போக மறுக்கும் கைதியை இங்கர் அதுவரை கண்டதில்லை. காரணத்தை விளக்கினேன். சோதனைச் சாவடியில் கைகளை உயர்த்தி நிற்பதை நடித்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் வேறு சொல் கண்டுபிடி. அச்சம் தராத சொல்லாக இருக்கட்டும்" என்றார்.

மூன்று நாள் எண்ணி ஒரு சொல் ஆக்கினேன்: நம்பிக்கை விடுப்பு. நம்பிக்கையின் பேரில் விடுவிக்கப்படுதல். எங்கள் ஊர்ப் பேச்சில் 'விடுப்பு' என்றால் அயல்வீட்டுச் செய்தியைக் காது குளிரக் கேட்பது என்பதை அறியாதவன் அல்லேன். அகராதி என் பக்கம் நிற்கிறது, தெருப் பேச்சு தானே திருந்தும் என்று இருந்தேன். பொருளைக் கேட்டு இங்கர் வியந்தார். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, தம் மேசைக்கு மேலே சுவரில் குத்திவைத்தார். அரசு அலுவலகச் சுவரில் தமிழ்! அன்று வீட்டுக்குப் போன என் நடையே வேறு.

இனிக் குணத்தின் விசாரணை.

அந்த ஆண்டுகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இளையோருக்காக இரண்டு வரி. ஏதிலியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தந்திருந்தது. நம்மவர் விண்ணப்பித்தார்கள், விண்ணப்பங்கள் நகரவில்லை. 'கையாளப்படுகிறது' என்ற ஒரே மறுமொழி ஆண்டுக்கணக்கில் வந்தது. திருகோணமலையில் மனைவி மலரை விட்டுவந்த குணம் இரண்டாண்டுகள் காத்திருந்தார். பிறகு தம் மனைவிக்கும் வேறு இரண்டு பெண்களுக்கும் பிறர் பெயரிலான கடவுச்சீட்டுகளை ஒழுங்கு செய்தார். பெண்கள் வந்து சேருமுன்னே பிடிபட்டார். ஓராண்டுச் சிறை.

எட்டுத் திங்கள் கழிந்து, விசாரணைக்கு வந்து அமர்ந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் அவருடைய வேலை அவருக்காகக் காத்திருந்தது, அறையும் இருந்தது. அவர் வெளியே போவார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. இங்கர் காப்பி ஊற்றினார். குணத்தின் முகத்தைப் பார்த்து இரண்டு வரி சொன்னார். நான் அதை மூன்று வரியாகத் தமிழில் தந்தேன்:

"இது நம்பிக்கை விடுப்பு. நெஞ்சில் உள்ளதைத் தயங்காது சொல்லலாம். இங்குச் சொல்வது இந்தச் சுவரைத் தாண்டாது."

"விடுப்போ? அப்ப நல்லது" என்று குணம் முதன்முறையாகச் சிரித்தார். என் சொல்லாக்கத்தை ஒருவர் புரிந்துகொண்டார் என மகிழ்ந்தேன்.

வெளியே போனதும் முதல் வேலை என்ன என்று இங்கர் கேட்டார்.

"மனுசியைக் கூட்டிக்கொண்டு வாறதுதான் முதல் வேலை. அவ இப்ப ஜேர்மனியில நிக்கிறா, தமையன்ர வீட்டில. வந்து ரெண்டு கிழமை. இது ஒருத்தருக்கும் தெரியாது மாஸ்டர், உங்களுக்கும் இந்த அம்மாவுக்கும்தான் சொல்லுறன்."

என் நாக்கு நின்றது. மூன்று நொடி இருக்கும். இங்கர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மொழிபெயர்ப்பவன் விழுங்கக் கூடாது என்பது சட்டம். சொன்னேன். அது மட்டுமா, மனைவியைக் காணத் துடிக்கும் கணவனின் ஏக்கத்தையும் என் கணக்கில் சேர்த்து, நல்ல டேனிய மொழியில் சொன்னேன். அவர் உருகுவார் என்று நம்பினேன். பென்சில் ஓடியது.

"மறுபடியும் பொய்த்தாளிலா கூட்டிவருவாய்?"

"மெய்த்தாள் வருமெண்டு பாத்துப் பாத்துக் களைச்சுப்போனன். கேக்கிறா, சொல்லுறன். வேற வழியில்லையெண்டா அப்பிடித்தான்."

இங்கர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, குணம் ஒவ்வொரு வரிக்கும் "ஓம்" என்று ஒப்பினார்.

பரிந்துரை அவருக்கு எதிராகப் போனது. மீண்டும் அதே குற்றத்தைச் செய்யும் எண்ணத்தைக் கைதியே வெளியிட்டுள்ளார் என்று மறுத்தார்கள். மனைவி செருமனியில் நிற்பதாக அவர் சொன்ன செய்தி, விதிப்படி, வேறோர் அலுவலகத்திற்குப் போனது. கணவர் வரமாட்டார் என்று அறிந்த மலர், பேருந்தில் தனியாக எல்லைக்கு வந்தார். அவர் பெயர் அவருக்கு முன்பே அங்கு வந்திருந்தது. குளிரில் கை விறைத்து, பெட்டியைப் பிடிக்க முடியாமல் நின்றார். அங்கிருந்து திருப்பினார்கள், செருமனியிலிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். உரிய தாளோடு அவர் இந்நாட்டில் வந்திறங்க மேலும் நான்கு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை.

மலர் திருப்பி அனுப்பப்பட்ட செய்தி கிடைத்ததும், இங்கரின் வாசலில் போய் நின்றேன். என்ன குரலில் பேசினேன் என்று தாழ்வாரத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"நம்பிச் சொன்ன மனிதனை விற்றுவிட்டாய்!" என்றேன். அன்றுதான் நான் அவரை உண்மையிலேயே 'நீ' என்றேன்.

"நான் எதையும் விற்கவில்லை. கேட்டேன், எழுதினேன், வாசித்துக் காட்டினேன். அவன் 'ஓம்' என்றான்." அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது.

"எழுதாமல் விட்டிருக்கலாமே!"

"இன்று உன் ஆளுக்கு இரங்கி உள்ளதை எழுதாமல் விடுகிறேன். நாளை இன்னொருவன் மேல் வெறுப்பில் இல்லாததை எழுதுகிறேன். அப்போது எந்த முகத்தோடு என்னைக் கேட்பாய்?"

மறுமொழி இல்லாதபோது உரக்கப் பேசுவது மேடைக்காரன் பழக்கம். அந்தச் சொல் இனி இந்தச் சுவரில் இருக்கக் கூடாது என்றேன். அவர் எழுந்து, ஊசியைக் கழற்றி, தாளை மடிக்காமல் என்னிடம் தந்தார். அவர் கண் முன்னே கிழித்தேன்.

பிறகு காலம் திரும்பியது. விண்ணப்பங்களைத் திட்டமிட்டே நகராமல் வைத்திருந்தார்கள் என்பது வெளிவந்து, நாடே அதைத் தமிழர் வழக்கு என்று பேசியது. நான் ஊரூராகச் சென்று முழங்கினேன். அந்த முழக்கம் பொய்யன்று. ஒவ்வோர் உரையின் நடுவிலும் குணத்தின் கதையை வைத்தேன்; அதன் நடுவில் பென்சிலை வைத்தேன். 'அரசின் இரண்டகம்' என்றேன். துரோகம் என்ற சொல்லை நான் ஆள்வதில்லை. அது நம் சொல் அன்று.

இங்கர் ஓய்வு பெற்றபோது கைப்பட மடல் எழுதிப் பிரிவு விருந்துக்கு என்னை அழைத்தார். அவர் தலைகுனிவதைக் காணலாம் என்றே போனேன். கேக்குத் தட்டோடு என்னிடம் வந்து சொன்னார்: "அங்கே உங்கள் தாள்களை நகரவிடாமல் வைத்தார்கள். இங்கே நான் ஒரு தாளை நகரவிட்டேன். இரண்டு முறையும் வெளியே நின்றது அதே பெண். இதைத் தினமும் நினைக்கிறேன்." கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அதுவே எங்கள் கடைசிச் சந்திப்பு.

சனிக்கிழமை, வழியில் என்னை ஏற்றிக்கொண்டார் குணம். மலர் முழங்கால் நோவால் வரவில்லை. ஒடென்சேக்குப் போகும் வழியிலுள்ள கடற்பாலத்தைக் கடக்கும்வரை வானிலை, விலைவாசி, என் உரைகளின் நீளம் பற்றிப் பேசினோம். பாலம் முடிந்ததும் கேட்டார்:

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது. அண்டைக்கு ஏன் சுவர் எண்டு சொன்னனீங்கள்?"

"எந்தச் சுவர்?"

"தாண்டாது எண்டியளே, அந்தச் சுவர். அவ சுவர் எண்டு சொல்லேல்லையே."

அவர் வீதியைப் பார்த்தபடியே சொன்னார்.

"மிச்ச நாலு மாசமும் உள்ளுக்க இருந்து டெனிஷ் படிச்சன். வேற என்ன வேலை? வெளிய வந்தாப் பிறகு விசாரணைக் கடதாசியின்ர கொப்பி கேட்டு எடுத்தன். முதலே எழுதிக் கிடக்கு. முதல் வரி, 'டேல ஃப்ரித்', தாராளமாக் கதைக்கலாம். அடுத்த வரி, சொல்லுறதெல்லாம் எழுதி, தேவையான இடங்களுக்கு அனுப்புவம். சுவர் எங்கயாவது கிடக்கோ எண்டு அகராதியெல்லாம் வைச்சுத் தேடினன். இல்லை மாஸ்டர்."

அந்த இரண்டாம் வரி என் காதில் திரும்ப ஒலித்தது. ஆம், இங்கர் அதைச் சொன்னார். ஒவ்வொரு விசாரணையிலும் சொன்னார். அஞ்சி அமர்ந்திருக்கும் ஒருவனிடம் அதை எப்படிச் சொல்வது என்று நான்தான் அதை மெழுகத் தொடங்கினேன். முதலில் மென்மையாக்கினேன். பிறகு சுருக்கினேன். குணத்திடம் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சுவர் கட்டினேன்; வாசித்துக் காட்டியபோதும் அந்தச் சுவரையே சொன்னேன். அழகான வாக்கியம். அவர் பேசாத வாக்கியம்.

"அதோட விடுப்பு எண்டும் சொன்னனீங்கள்" என்று குணம் சிரித்தார். "நம்பிக்கையான ஆக்கள் இருந்து விடுப்புக் கதைக்கினமாக்கும் எண்டு நானும் எங்கட வீட்டு விடுப்பைச் சொன்னன். எழுதுறதைக் கண்டனான்தான். சுவர் தாண்டாது எண்டு மாஸ்டரே சொன்னாப் பிறகு, அந்த அம்மா எழுதினா என்ன, கீறினா என்ன?"

"இவ்வளவு காலமும் தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்ல, குணம்?"

"சொன்னா நீங்கள் மேடையில ஏறமாட்டியள். அந்த நேரம் எத்தினை குடும்பத்தின்ர கடதாசி அலுமாரிக்குள்ள கிடந்தது? கத்திறதுக்கு எங்களுக்கு நீங்கள்தான் இருந்தனீங்கள். கத்தட்டும் எண்டு விட்டன்."

"பிறகாவது சொல்லியிருக்கலாம்."

"உங்களில கோவம் இருந்தது மாஸ்டர். சொன்னா அது போயிடும். வைச்சிருந்தன்." சிறிது தூரம் ஓட்டிவிட்டுத் தொடர்ந்தார். "இப்ப அவ செத்திட்டா. அவ செய்ததை அவவோட புதைக்கலாம். நீங்கள் செய்ததையும் சேர்த்துப் புதைக்கேலாது."

பல்லாண்டுகள் என் மேடைகளுக்கு முன்வரிசையில் அமர்ந்து, தம் கதையை நான் சொல்லக் கேட்டு, மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டியவர் அவர். அந்தக் கைதட்டலை நான் நன்றி என்று எண்ணியிருந்தேன்.

இரண்டகம் என்ற சொல்லை நான் எத்தனை முறை இங்கர் மேல் எறிந்திருப்பேன்! அன்று அந்த அறையில் இரண்டு நாவோடு அமர்ந்திருந்தவன் நான் ஒருவன்தானே.

கிறித்தவக் கோயிலில் முப்பது பேர் இருக்கலாம். பாடினார்கள், மண் தூவினார்கள். பிறகு பக்கத்து மண்டபத்தில் காப்பியும் பாணும். அவரைப் பற்றி யாரேனும் இரண்டு சொல் பேசலாம் என்றார் இங்கரின் தம்பி. குணம் என்னைப் பார்த்தார். வாழ்நாளில் முதன்முறையாக, அழைத்தும் நான் எழவில்லை. குணம் எழுந்தார். தம்முடைய தொழிற்சாலை டேனிய மொழியில் சொன்னார்: "இவ எனக்குக் காப்பி தந்தவ. நான் சொன்னதை மட்டும் எழுதினவ. அதால எனக்கு நட்டம்தான். ஆனா இல்லாததை எழுதேல்ல." அமர்ந்தார். இப்போதும் நான் அதை மொழிபெயர்த்துத்தான் தந்திருக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அன்பர்களே, நான் இங்கரை முற்றாக மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு சுவராகும். என்னைப் பார்த்த அந்த மூன்று நொடியில் அவர் பென்சிலைக் கீழே வைத்திருக்கலாம். அதை நான் இன்றும் மறக்கவில்லை. குணம் என்னை இவ்வளவு காலம் முழங்கவிட்டதையும் மறக்கவில்லை. ஆனால் நான் இங்கருக்குக் கொடுக்காத கை என்னோடு இருக்கிறது. 'கழுத்தறுத்தவர்' என்று நான் சொன்னபோது நீங்கள் தட்டிய கைதட்டலைத் திருப்பித் தருகிறேன்; அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய ஒரு பழக்கம். எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டுதல். இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ரண்டர்சுக்கு அழைத்து, குணமும் மலரும் கேட்க, ஒவ்வொரு வரியாக வாசித்தேன். எல்லையில் மலர் நின்ற இடத்தில் நான் முதலில், 'கண்ணீர் ஆறாய்ப் பெருக, கற்சிலையாய் நின்றார்' என்று எழுதியிருந்தேன்.

"பொறுங்கோ மாஸ்டர்" என்றார் மலர். "நான் அழேல்ல. குளிரில கை விறைச்சு, பெட்டியைப் பிடிக்கேலாமல் நிண்டனான். அப்பிடியே எழுதுங்கோ."

அப்படியே எழுதியிருக்கிறேன். பிறகு அந்த வரியை மீண்டும் வாசித்துக் காட்டினேன்.

"ஓம்" என்றார்.